ஐந்தரைக்கு எழுந்து ஓடுவதா, ஆறரை வரை தூங்குவதா?

மேசைவாசி:
வேலையெல்லாம் முடித்துப் படுக்க நள்ளிரவு ஆகிவிடுகிறது. காலை ஆறரைக்கு எழுந்தால் போதும். பகல் முழுக்க உட்கார்ந்த வேலை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஐந்தரைக்கே எழுந்து ஓட ஆரம்பிக்கலாமா, அல்லது அந்த ஒரு மணி நேரமும் தூங்குவதுதான் நல்லதா?

ஓட்டக்காரன்:
யோசிக்கவே வேண்டாம், எழுந்து ஓடுங்கள். தூக்கம் எப்படியும் ஆளைப் படுக்க வைத்துவிடும். பயிற்சி அப்படி வந்து கூப்பிடாது. உட்கார்ந்தே இருப்பது என்ன செய்யும் என்பதை 1953-லேயே பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரெமி மோரிஸின் குழு லண்டன் பேருந்துகளில் காட்டிவிட்டது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. அப்புறம், ஓடுகிறவருக்குத் தூக்கமும் ஆழமாக வரும்.

நிதானம்:
அதே மோரிஸ் 1956-ல் இவர்களின் சீருடை அளவுகளையும் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் உட்கார்ந்த வேலையின் மேல் போட முடியாது.

மேசைவாசி, நீங்கள் இப்போதே ஆறரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். 2003-ல் வெளிவந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், ஒரு குழுவினரைத் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். 14 நாளில் கவனமும் நினைவாற்றலும் இரண்டு இரவு வரை முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. ஆனால் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்றார்கள். எனக்கு இதுதான் பயம். 'பழகிவிட்டது' என்று நாம் சொல்லும்போது பழகியிருப்பது அந்த உணர்வு மட்டும்தான்.

ஓட்டக்காரன்:
அந்த ஆய்வு அளந்தது மூளையின் வேலையை. இதயத்தையோ தசையையோ அல்ல. மூச்சு வாங்குகிறது என்பவரிடம் இன்னும் தூங்கு என்று சொல்வது எப்படிச் சரி? ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. விடியற்காலை ஒரு மணி நேரம் போனால் அது பெரிதாகக் குறையாது.

நிதானம்:
கடைசி மணி நேரங்களில் அதிகம் வருவது கனவுத் தூக்கம். அதை வேண்டாத மிச்சம் என்று நினைக்காதீர்கள். மனம் அன்றைய உணர்ச்சிகளைச் சமாளிக்க அதுவும் உதவுகிறது. தசை பற்றிக் கேட்டீர்கள், சரி. 2010-ல் சிகாகோவில் உணவைக் குறைத்து எடை குறைத்தவர்களை எட்டரை மணி நேரமும் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இறங்கிய எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது கொழுப்பு கரைவது பாதிக்கு மேல் குறைந்து, தசை உள்ளிட்ட மற்ற பகுதி அதிகமாகப் போனது. மேசைவாசியின் திட்டமும் அதே ஐந்தரை மணி நேரம்தான்.

ஓட்டக்காரன்:
பத்தே பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதுவும் வயிற்றைக் கட்டியவர்கள். அதை ஓடப்போகிறவர் மேல் பொருத்தாதீர்கள்.

மூன்றாம்ஷிப்ட்:
இருவரிடமும் எனக்குக் கோபம்தான் வருகிறது. தூக்கமா, ஓட்டமா என்று அந்த ஒரு மணி நேரத்தைப் பிடித்து இழுக்கிறீர்கள். நள்ளிரவு வரை நீளும் வேலையை ஏன் யாரும் தொடவில்லை? ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு ஐந்தரை, ஆறரை என்ற கணக்கே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். போன் பேசும்போது நடங்கள், லிப்ட்டை விட்டுப் படி ஏறுங்கள். இவை வேலை நேரத்துக்குள்ளேயே நடக்கட்டும். உடம்பைக் கெடுத்தது வேலை என்றால் நேரத்தையும் அதுதான் தர வேண்டும்.

இன்னொன்று. படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருப்பதை ஓய்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்னோடு வேலை செய்பவர்கள் பலர் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

ஓட்டக்காரன்:
படி ஏறுவது நல்லதுதான். ஆனால் அதே பரிந்துரை வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. போன் பேசிக்கொண்டே அதைச் செய்ய முடியாது.

நிதானம்:
விடுமுறை நாளில் செய்யட்டுமே. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் பயிற்சி செய்து அளவை எட்டுபவர்களுக்கும், ஒன்றும் செய்யாதவர்களைவிட இறப்பு விகிதம் குறைவு என்று 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் முதல் வாரமே எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம், முழங்கால் தாங்காது.

மேசைவாசி:
என் இரவைத் தின்பது பத்து மணிக்கு வரும் ஒரு கூட்டம்தான். அதை மாலைக்கு மாற்றக் கேட்கப்போகிறேன். மாறினால் பதினொன்றுக்குப் படுத்து ஆறுக்கு எழலாம். ஓட்டம் விடுமுறை நாளில், நடை மதியத்தில்.

ஓட்டக்காரன்:
மாறாவிட்டால்? பெரும்பாலும் மாறாது. அப்போதும் என் பதில் ஐந்தரைதான். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும். அந்த இரண்டு இரவு போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

நிதானம்:
முந்தைய இரவு முன்னதாகப் படுத்தால் மட்டும். இல்லையென்றால் அந்த இரண்டு நாளுக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.