இழுப்பு டென்ட்டா, குடக் கூடாரமா?

கரூர், தையலக மேற்பார்வையாளர்:
ஐயாமாரே, அவசரமுங்க. ஏரி உறைஞ்சு கிடக்கற நாட்டுல ஐஸைத் துளைச்சு மீன் பிடிக்கறவங்களுக்கு ரெண்டு மாதிரி கூடாரம் தைக்கறோம். ஒண்ணு, சுவர் நடுவுல இருக்கற வாரைப் பிடிச்சு வெளியே இழுத்தா, கண்ணாடியிழைக் கம்பி விறைச்சுப் படக்குனு நிக்கும். இன்னொண்ணு, சறுக்குப் பெட்டியில பொருத்தி, உட்கார்ந்தபடி தலைக்கு மேல கவுத்துக்கறது. தையல்காரங்களுக்கு மாட்டற அட்டை நாளைக்கு அச்சுக்குப் போகோணும். பேர் சொல்லுங்க.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீடு ‘குறியிறைக் குரம்பை’. தாழ்ந்த கூரை விளிம்பு, முற்றத்தில் மீன் பிடிக்கும் பறி. வேறென்ன வேண்டும்? முன்னால் ‘ஆலி’ சேர்த்தால் ஆலிக்குரம்பை. ஆலங்கட்டியில் இருப்பது அந்த ஆலிதான். பனி என்பது மார்கழிப் புல்நுனியில் நிற்பது. அதன்மேல் ஆள் உட்கார முடியுமா?

கோவை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
ஆலி என்றால் ஆள் பேர் என்பார்கள் ஐயா. உறைபனி போதாதா?

ஈரோடு:
ஊட்டிப் புல்வெளியில் படிவதும் உறைபனி, ஆள் நடக்கிற ஏரிப் பாளமும் உறைபனியா?

தாராபுரம், விவசாயி:
எங்கூர்ல தோட்டத்துக் குடிசை சாளை. கன்னியாகுமரிப் பக்கம் சாளைன்னா மத்தி மீன். குடிசையும் மீனும் ஒரே சொல்லுல வந்துருச்சு, எடுத்துக்கோங்க!

ஈரோடு:
சாளை ‘சாலை’யின் திரிபு. அறச்சாலை, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம்...

அமெரிக்காவின் மினசோட்டா, கோபிக்காரர்:
அண்ணா, சாலையை அப்புறம் போடலாம். தனியாளு நாலு இடத்துல துளை போட்டுப் பார்ப்பான். அவனுக்குக் கவுக்கறதுதான் தோது. குடும்பத்தோட ஒரே இடத்துல உட்கார்றவங்களுக்கு இழுத்து விரிக்கறது, இடம் தாராளம். ஆனா காத்துல ஒத்தையாளா விரிக்கறது பெரும்பாடு. காத்தடிக்கற பக்கம் முதல்ல ஐஸ்ல திருகாணி இறக்கிரோணும். பஞ்சு வெச்சுத் தெச்சா உள்ள நீர் கோத்துச் சொட்டறது குறையும். காத்துத் துளையை மட்டும் விட்டுராதீங்க. உள்ள ஹீட்டர் எரியும், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுரும்.

பெருந்துறை, கல்லூரி ஆசிரியை:
இழுத்து விரிக்கும் கூடாரத்தில் கம்பிகள் வந்து கூடும் நடு முடிச்சைத்தான் ஆங்கிலத்தில் ஹப் என்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தில் அது குடம், கம்பிகள் ஆரக்கால். ஆசாரிகள் வைத்த பேர் இருக்கும்போது நாம் ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? குடக் கூடாரம், கவிழ் கூடாரம்.

கோவை:
குடம் என்றதும் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள் அம்மா.

கரூர்:
இங்க பாதிப் பேர் வண்டிக் குடத்தைப் பார்த்ததே இல்லைங்க. ‘இழுப்பு டென்ட்’, ‘கவுப்பு டென்ட்’னு அவங்களே சொல்லிப் பழகிட்டாங்க. காத்துப் புகாம அடியில ஐஸ் மேல பரத்தற துணிக்குப் ‘பாவாடை’. அப்படியே போட்டுடறேன். நடு முடிச்சுக்கு மட்டும் குடம்.

பெருந்துறை:
சரி, முடிச்சாவது மிஞ்சியது.

தாராபுரம்:
நானும் சரிங்க.

ஈரோடு:
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘டென்ட்’ இருக்கும் அட்டையில் என் பெயர் வேண்டாம். நிற்க, பாவாடை என்பது பா, ஆடை எனப் பிரியும். ‘பாவுதல்’ என்றால் பரப்புதல். ஐஸ் மேல் பரப்பும் துணிக்கு...

கோவை:
ஐயா, அதற்குத் தனி மடல் தொடங்குங்கள்.