மொத்த மழையா, ஒரே பெருமழையா? வறண்ட சுண்ணாம்புப் பாறை நிலத்தில் எது நீர் ஏற்றுகிறது?

நீரோடி:
ஆண்டு மழை எவ்வளவு என்று தெரிந்தால் போதும், நிலத்தடி நீர் எவ்வளவு ஊறியிருக்கும் என்று சொல்லிவிடலாம். மழை கூடினால் ஊறல் கூடும். இதைப் போய் ஏன் சிக்கலாக்குகிறார்களோ!

பாறைப்பல்லி:
அவ்வளவு சுலபம் இல்லை நண்பரே. 400 மி.மீ. மழையும் ஐந்தும் எட்டுமாகத் தூறியே தீர்ந்துபோனால் கீழே ஏறக்குறைய ஒன்றும் இறங்காது. காய்ந்த மண் முதலில் குடிக்கும். மண் பிடித்துவைத்ததை வெயிலும் செடிகளும் எடுத்துக்கொள்ளும். அதில் பாதி மூன்றே நாளில் கொட்டட்டும், மண் நிரம்பி வழிந்து பாறை வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்.

நீரோடி:
கொட்டினால் வெள்ளமாக ஓடிவிடாதா?

பாறைப்பல்லி:
கருங்கல் நிலமென்றால் ஓடிவிடும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஓடுகிற வெள்ளமே ஊறல்தான். டெக்சாஸின் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கிக்கு (நிலத்தடியில் நீரைத் தேக்கிவைக்கும் சுண்ணாம்புப் பாறை அடுக்கு) பெரும்பங்கு நீர் ஆற்றுப்படுகை வழியாகத்தான் போகிறது. மேட்டிலிருந்து வரும் ஆறு, பிளவுபட்ட சுண்ணாம்புப் பாறையைத் தாண்டும் இடத்தில் தரைக்குள் போய்விடும். அதற்குக் கீழே பல நாட்கள் வெறும் கூழாங்கல்தான்.

நீரோடி:
அதே எட்வர்ட்ஸை நானும் சொல்கிறேன். 1950களின் வறட்சியில் மழை வருடக்கணக்காகக் குறைந்தது, 1956ல் அந்த நீர்த்தாங்கியிலிருந்து பொங்கும் கோமல் ஊற்று சில மாதங்கள் நின்றே போனது. மொத்தம் குறைந்ததால்தானே?

பாறைப்பல்லி:
குழாய்க்கிணறுகள் உறிஞ்சியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 1957ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? வசந்தத்தில் பெருமழை கொட்டியது. அதே பகுதியில் உள்ள சான் அன்டோனியோ நகரில் ஆண்டு மழை முந்தைய ஆண்டைவிடச் சுமார் மூன்றரை மடங்கு. நீர்த்தாங்கியின் ஊறலோ சுமார் 44 ஆயிரம் ஏக்கர்-அடியிலிருந்து (ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர்) 10 லட்சத்துக்கு மேல், அதாவது இருபது மடங்குக்கும் அதிகம். உங்கள் கணக்குப்படி இதுவும் மூன்றரை மடங்கில் நின்றிருக்க வேண்டும்.

கிணற்றுத்தவளை:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பருவத்தை இருவருமே பேசவில்லை. மத்தியதரைக் கடலோரச் சுண்ணாம்பு மலைகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. வெயில் மந்தம், ஆவியாவது குறைவு, முந்தைய மழையின் ஈரமும் மண்ணில் இருக்கும். அங்கே நடுத்தர மழைகூடக் கீழே போய்ச் சேரும். கோடையில் அதே அளவு பெய்தால் புழுதி அடங்குவதோடு சரி.

நீரோடி:
சரி, இருபது மடங்குக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் சுண்ணாம்புப் பாறைக்குள் இருக்கும் அகன்ற குகைவழியில் வேகமாகப் போன நீர் ஊற்று வழியாகவும் வேகமாக வெளியேறிவிடுமே? பெருமழையில் ஏறியதில் அடுத்த கோடைக்கு எவ்வளவு மிஞ்சும்?

பாறைப்பல்லி:
பெரிய குகைவழிகளில் போனது சீக்கிரம் வெளியேறும், ஒத்துக்கொள்கிறேன். நுண்ணிய வெடிப்புகளிலும் துளைகளிலும் புகுந்தது மெதுவாகத்தான் கசியும். எந்தப் பாறையில் எது அதிகம் என்பதைப் பொறுத்தது.