குதிரையைத் தாண்டப் பழக்க உதவி வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களுக்கு வணக்கம்.

எங்களுடையது மார்வாரி இனக் குதிரை, தோள் உயரம் நாலே முக்கால் அடி. நாலடி இடைவெளியில் தரையில் கிடத்திய சவுக்குக் கம்புகளை ட்ராட்டில் (மிதமான ஓட்டத்தில்) தட்டாமல் கடக்கிறது. கடைசிக் கம்பிலிருந்து 9 அடி தள்ளி ஒன்றரை அடி உயரக் குறுக்குத் தடை வைத்தால் மட்டும் நின்றுவிடுகிறது. தடையின் கம்பைக் கட்டவில்லை, தட்டினால் உருண்டுவிடும், அது முக்கியம். தாண்டும்போது கடிவாளம் இழுபட்டு வாய் வலித்தால் அடுத்த முறை நிற்கும் என்பதால், கழுத்தில் வார் கட்டி அதைத்தான் பிடிக்கிறோம்.

இடைவெளியை 8 அடியாகக் குறைக்கலாமா? இல்லை, காய்ந்து இறுகிய செம்மண்ணில் இறங்கி முன்கால் வலிக்கிறதா? மூன்று அங்குல மணல் போதுமா? ஆழம் கூடினால் தசைநார் பாதிக்குமே என்று கவலை. லாடம் பார்க்க அனுபவமுள்ளவர் அருகில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை தடையை உயர்த்தமாட்டோம்.