வேறு பகுதிக்கு இடம் மாறியவர்களே, கணக்கில் வராமல் விட்டது எது? நடந்ததைச் சொல்லுங்கள்

கேட்டவர்

மூன்று வாரமாக ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘போனால்’, வலப்பக்கம் ‘இருந்தால்’. வேறொரு பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம். மொழி வேறு, தட்பவெப்பம் வேறு. சம்பளம் கூடுதல், வாடகையும் கூடுதல். மனைவிக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது. மகளுக்கு 12 வயது முடியப்போகிறது. அப்பா அம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் கணக்குப் போட்டால் போகலாம் என்று வருகிறது. மறுநாள் அதே கணக்கு வேண்டாம் என்கிறது. ‘போ’, ‘போகாதே’ என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். போனவர்களும் திரும்பி வந்தவர்களும் போகாமல் இருந்துவிட்டவர்களும் தங்களுக்கு என்ன நடந்தது என்று சொன்னால் எனக்குப் போதும். முக்கியமாக, கிளம்பும்போது கணக்கில் வராமல் விட்டது எது?

மலைக்குப் போனவர்

சமவெளியை விட்டு 1,500 மீட்டர் உயரத்தில் குடியேறி எட்டு வருடம் ஆகிறது. போனதற்கு ஒரே காரணம் வெயில். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. கிட்டத்தட்ட 10 டிகிரி குறைந்தால் வாழ்க்கையே மாறிவிடும் என்று நம்பினேன்.

முதல் இரண்டு மாதம் அப்படித்தான் இருந்தது. சன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வரும். மூன்றாம் மாதம் மழை பிடித்தது. துவைத்த துணி நாலு நாள் கொடியில் கிடந்தும் காயவில்லை. பீரோவைத் திறந்தால் தோல் செருப்பின் மேல் பச்சைப் பூஞ்சை, விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டியது. புத்தகங்களின் ஓரம் அலையலையாக நெளிந்துபோனது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அடுப்பில் எது வைத்தாலும் வேக நேரம் எடுக்கும். இதெல்லாம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சரி, ஒரு வருடத்தில் பழகிவிட்டது.

எனக்கு ஆச்சரியம் வேறு விஷயத்தில். இப்போது அந்தக் குளிரையும் நான் கவனிப்பதில்லை. விருந்தாளி யாராவது வந்து “கொடுத்துவைத்தவர் நீங்கள்” என்று சொல்லும்போதுதான் நினைவுக்கு வருகிறது. நான் தினமும் கவனிப்பது, பல் வலி என்றால் ஒன்றரை மணி நேரம் கீழே இறங்க வேண்டும் என்பதைத்தான்.

பிறகு இதைப் பற்றி ஓர் ஆய்வு படித்தேன். 1998-இல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் மத்திய மேற்குப் பகுதியிலும் படித்த மாணவர்களிடம் நடத்தியது. இதமான வானிலை உள்ள கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரண்டு பகுதி மாணவர்களும் நினைத்தார்கள். அவரவர் வாழ்க்கையில் எவ்வளவு நிறைவு என்று கேட்டபோது வித்தியாசமே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் உற்றுப் பார்க்கும்போது அது பெரிதாகத் தெரிகிறது என்பது அவர்கள் முடிவு. என் கதையை யாரோ எழுதிவைத்த மாதிரி இருந்தது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். போகிற இடத்தின் மிக மோசமான மாதம் எது என்று விசாரித்து, அந்த மாதத்தில் பத்து நாள் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். சுற்றுலாப் பருவத்தில் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

கணவரின் வேலைக்காக இடம் மாறியவர்

தம்பி, உங்கள் பதிவில் ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். ‘மனைவிக்கு இங்கே நல்ல வேலை இருக்கிறது.’ அந்த வரி உங்கள் தாளில் எங்கே இருக்கிறது?

நான் பதினொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. “அங்கே போனதும் உனக்கும் ஏதாவது கிடைக்கும்” என்றார்கள். ‘ஏதாவது’ என்ற சொல் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன முதல் நாளே அவருக்கு அலுவலகத்தில் பேச ஆள் இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். காலை ஒன்பது மணிக்குக் கதவு சாத்தியதும் வீட்டில் நானும் சுவர்க்கடிகாரமும் மட்டும். அந்த மொழியில் எனக்கு எண்கள் தெரியும், ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள் சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். கூரியர் கொண்டுவந்தவரிடம் “எங்கே கையெழுத்து?” என்று கேட்டதுதான் அன்றைக்கு முழுக்க நான் பேசியது. அதைச் சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டதுதான் பெரிய தப்பு.

பொருளியல் அறிஞர் ஜேக்கப் மின்சர் 1978-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். குடும்பத்தின் மொத்த வரவு கூடினால் குடும்பம் நகரும், ஆனால் அந்த மொத்தத்துக்குள் ஒருவருக்கு நஷ்டம் இருக்கலாம். தனியாக இருந்தால் போயிருக்கவே மாட்டார், குடும்பத்தோடு கட்டப்பட்டிருப்பதால் போகிறார். அப்படிப் போகிறவரை ‘கட்டுண்டு நகர்பவர்’ (tied mover) என்கிறார். படித்தபோது கண் கலங்கிவிட்டது. எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு மாறுவது சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை மாற்றங்களுக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். துணையை இழப்பதற்கு 100 புள்ளி. வீடு மாறுவதற்கு வெறும் 20. ஆனால் வீடு மட்டுமா மாறுகிறது? வாழும் சூழல் மாறுவதற்கு 25, ஆட்களோடு பழகும் வழக்கம் மாறுவதற்கு 18, தூக்க வழக்கம் மாறுவதற்கு 16. இவை ஒவ்வொன்றும் மற்றதன் கையைப் பிடித்துக்கொண்டே வரும். கூட்டினால் 79. வேலை போனது இதில் சேர்க்கவில்லை.

எனக்கு வழி திறந்தது மொழி வகுப்பில். வாரத்துக்கு ஆறு நாள், தினம் ஒன்றரை மணி நேரம். அங்கே என்னைப் போலவே வேறு எங்கிருந்தோ வந்த ஒரு பெண். முதல் மாதம் இலக்கணம் மட்டும் பேசினோம். ஐந்தாம் மாதம் அவள் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். ஜெஃப்ரி ஹால் என்பவர் புதிதாக இடம் மாறியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. அறிமுகமானவர் ஓரளவு பழக்கமாவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பர் ஆவதற்கு 90, நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல் என்கிறார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் அது நாலு வருடம். நாங்கள் தினமும் பார்த்ததால் ஆறே மாதத்தில் கடந்துவிட்டோம். ஆகவே அங்கே போனால், தினமும் அதே முகங்களைப் பார்க்கும்படி ஓர் இடத்தை உங்கள் மனைவி முதல் வாரமே தேடிக்கொள்ளட்டும்.

இப்போது வேலைக்குப் போகிறேன், பழைய பதவியை விட இரண்டு படி கீழே. இடம் மாறியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், அவரும் வேலையில் மேலே வந்துவிட்டார். ஆனால் கிளம்பும்போது அவர் “உனக்குச் சம்மதமா?” என்று மட்டும் கேட்டார். “திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீ அங்கே என்ன செய்துகொண்டிருப்பாய்?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருக்குமே பதில் தெரிந்திருக்காது. உட்கார்ந்து யோசித்திருப்போம்.

திரும்பி வந்தவர்

நான் புவியியல் ஆசிரியர். பதினாலாவது மாதம் திரும்பிவிட்டேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு, தூரத்தில் பெரிய வீடு, வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். பெரியதை எடுத்தேன். போக 1 மணி 40 நிமிடம், வர அதே. பெரிய வீட்டில் நான் விழித்திருந்ததே குறைவு. தினப்பயணத்தின் சலிப்பைச் சம்பளமோ வீடோ முழுதாக ஈடுசெய்வதில்லை என்று பொருளியல் அறிஞர்கள் ஸ்டட்சரும் ஃப்ரேயும் ஜெர்மனியின் தரவுகளை வைத்து 2008-இல் எழுதியதை எனக்கு ஒரு வருடம் முன்னால் யாராவது காட்டியிருக்கலாம்.

திரும்பியதும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான் அப்போது கைகொடுத்தது. புவியியலாளர் ரேவன்ஸ்டீன் 1885-இல் எழுதிய இடப்பெயர்வு விதிகளில் ஒன்று, ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் எதிராக ஓர் ஓட்டம் உண்டு என்பது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். திரும்பும் வழியைத் திறந்து வையுங்கள். வீட்டை உடனே விற்காதீர்கள். விடுப்பில் போக முடியுமானால் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

13 வயது மகனோடு போனவர்

உங்கள் மகள் வயதைப் பார்த்ததால் எழுதுகிறேன். டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. சிறு வயதில் இடம் மாறியவர்களை விட 12 முதல் 14 வயதுக்குள் மாறியவர்களிடம் பிற்காலச் சிக்கல்கள் அதிகம் தெரிந்தன, அதிலும் திரும்பத் திரும்ப மாறியவர்களிடம். அதற்காகப் போனால் கெட்டுப்போவாள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வயதில் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் கல்வியாண்டின் நடுவில் போனோம். அதைத்தான் இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்ட வகுப்பில் அவனுக்குக் கடைசி பெஞ்சு. மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியவே நாலு மாதம் ஆனது. கேட்டால் “நல்லாதான் இருக்கு” என்பான். பிறகு கால்பந்துக் குழுவில் சேர்த்தோம். பழைய நண்பனோடு வாரம் ஒரு நாள் பேசட்டும் என்று அந்த நேரத்தில் யாரும் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டோம்.

ஒரு வருடம் கழித்து ஒரு சாயங்காலம், அறைக்குள்ளிருந்து சத்தம். யாரோடோ தொலைபேசியில் அந்த ஊர் மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான், வேகமாக, தடுமாறாமல். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

போகாமல் இருந்துவிட்டவர்

ஒன்பது வருடம் முன்பு வந்த வாய்ப்பை விட்டேன். அம்மாவுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். போகவா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. இப்போது எப்போதாவது எரிச்சல் வந்தால் அது அம்மா மேல் போகிறது. ‘இருந்தால்’ பக்கத்திலும் செலவை எழுதுங்கள் அண்ணா.

பெற்றோரை விட்டுத் தூரம் போனவர்

இரவு மணி இரண்டே கால். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று தொலைபேசியில் அம்மா அழுகிறார். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால் அவர் எண் என்னிடம் இல்லை. பதினைந்து வருடம் பக்கத்திலேயே இருந்தவர், எண் வாங்கி வைக்கத் தோன்றியதே இல்லை. கடைசியில் அம்மா சத்தம் போட்டு அவரே ஓடிவந்து, கதவைத் திறக்க நேரமாகி, ஒருவழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர 19 மணி நேரம் ஆனது. இடுப்பெலும்பு முறிவு.

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள். நள்ளிரவில் கிளம்பினால் எத்தனை மணி நேரத்தில் அவர்கள் கட்டில் பக்கத்தில் நிற்பீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம், கிளம்புமுன் மூன்று காரியம். அந்தத் தெருவில் ஓடிவரக்கூடிய மூன்று பேரின் எண். பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. அவசரப் பயணத்துக்கென்று தொடாமல் வைக்கும் ஒரு தொகை.

அப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். நான் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறேன். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பேசுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாதம் ஒரு முறையாவது தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறேன், அவருடைய முட்டிவலியைப் பற்றி.

மீண்டும் கேட்டவர்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இவ்வளவு மனம் திறந்து எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று இரவு மகள் தூங்கியதும் தாளை மேசையில் விரித்தேன். அக்கா, நீங்கள் கேட்ட அந்த வரி எங்குமே இல்லை. மூன்று வாரமாக எழுதியதில் மனைவியின் வேலை இரண்டு பக்கத்திலும் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணியைப் பற்றி அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை வாங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘திங்கள், 10 மணி’ என்று எழுதினாள். அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

வேலை தருகிறவர்களிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். அடுத்த மாதம் அங்கே மழைக்காலம். மூன்று பேருமே போய்ப் பத்து நாள் இருக்கப்போகிறோம். போவதாக முடிவானாலும் கல்வியாண்டு முடிந்த பிறகுதான்.

இன்று காலை அப்பாவிடம் போனேன். பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி கொடுத்து வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “உனக்கு மாற்றல் வரும்போல இருக்கு என்று உன் அம்மா சொன்ன அன்றைக்கே கொடுத்துவிட்டேன்” என்றார்.