சேமிப்பிடம் நிரம்பிவிட்டது: எந்தக் கிளவுட்டுக்குப் பணம் கட்டலாம்?

கல்லடிப் பாலம்
வணக்கம். நான் கல்லடியிலிருந்து இங்கே வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. சேமிப்பிடம் முடிந்துவிட்டது என்ற சிவப்பு எழுத்து நேற்றிலிருந்து கைத்தொலைபேசியில் நிற்கிறது, மின்னஞ்சல்களும் வருவதில்லை. வேலை தொடர்பான கடிதம் ஒன்று இந்தக் கிழமைக்குள் வரவேண்டும். இரவு இரண்டு மணி வரை பழைய படங்களை, அம்மம்மாவின் படங்கள் உட்பட, அழுதுகொண்டே அழித்தேன். அப்படியும் இடம் துளியும் கூடவில்லை. எந்தக் கிளவுட் (இணையவழிச் சேமிப்பிடம்) மலிவு, எதில் இடம் அதிகம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படங்களை ஊரிலிருக்கும் அம்மாவும் பார்க்க வேண்டும்.

களுவாஞ்சிகுடியான், இலண்டன்
தங்கச்சி, ஒருவருக்கும் பணம் கட்ட வேண்டாம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் அறையில் நான்கு பேர் இருந்தோம். ஹீட்டரைப் போடுவதா, ஊருக்கு அழைப்பு எடுப்பதா என்று கணக்குப் பார்த்துத்தான் படுப்போம். மாதம் ஒரு டொலர், இரண்டு டொலர் என்று தொடங்குகிற வாடகை ஆயுள் முழுவதும் நிற்காது, நிறுத்தினால் அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். ஒரு ஹாட் டிஸ்க் வாங்குங்கள். என்னுடையது இன்றைக்கும் சப்பாத்துப் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடக்கிறது.

நிந்தவூர்க் காக்கா, டோகா
தம்பி சொல்வதை நம்பாதீர்கள். நான் வந்த புதிதில் கேம்பில் மேல்தட்டுக் கட்டிலிலிருந்து ஹாட் டிஸ்க் ஒருமுறை கீழே விழுந்தது. டிக் டிக் என்று ஒரு சத்தம் போட்டது, அத்துடன் என் கலியாணப் படங்கள் முடிந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் நம் கரையோரத்தில் எத்தனை வீட்டு அல்பங்கள் கடலோடு போயின என்று கண்ட எவரும் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைக்கச் சொல்லமாட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: கூகுளில் அமெரிக்க விலைக்கு 100 ஜிபி மாதம் 1.99 டொலர், அதாவது ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய இரண்டு சதம். 2 டெராபைட், அதாவது ஏறக்குறைய 2,000 ஜிபி, 9.99 டொலர் என்றால் ஒரு ஜிபிக்கு அரைச் சதம்தான் விழுகிறது. ஆகவே பெரியதை எடுப்பதுதான் இலாபம்.

அக்கரைப்பற்று அக்கா, மெல்பேர்ண்
நிரப்பாத மூட்டைக்குப் பணம் கட்டுவது எப்படி இலாபமாகும் காக்கா? தங்கச்சி, பணமே கட்டாமல் கிடைப்பதை முதலில் பாருங்கள். கூகுள் 15 ஜிபி, அப்பிள் 5, மைக்ரோசொப்ட் 5, ட்ரொப்பொக்ஸ் 2, மெகா 20 தருகின்றன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கணக்குத் திறந்து படங்களைப் பிரித்து வைத்துத்தான் என் முதல் வருடத்தை ஓட்டினேன், எந்தப் படம் எங்கே என்று இன்றுவரை தேடுகிறேன் என்பது வேறு கதை. குடும்பமாக இருந்தால் மைக்ரோசொப்ட் குடும்பத் திட்டம் நல்லது. ஆறு பேர் வரை சேரலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 1 டெராபைட், வேர்டும் எக்செலும் அதனுடன் வரும்.

களுவாஞ்சிகுடியான், இலண்டன்
தனி ஆளுக்கு ஆறு டெராபைட் எதற்கு? உண்மையான பிரச்சினை நம் சொந்தக்காரர்கள். எனக்கு ஏழு குடும்பக் குழுக்கள். ஏழிலும் விடிந்தால் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம். மாமாங்கத் தீர்த்தக் காணொளி ஒன்றையே மூன்று மாமிமார் மூன்று குழுக்களில் போட்டார்கள், மூன்றும் தனித்தனியே இறங்கிக் கிடக்கின்றன.

நிந்தவூர்க் காக்கா, டோகா
அதில் தம்பியுடன் ஒத்துப்போகிறேன். இப்போது பிறந்தநாளுக்கும் ட்ரோன் விடுகிறார்கள், கேக் வெட்டுவதை வானத்திலிருந்து பார்த்து என்ன செய்வது?

வாவிக்கரை, மட்டக்களப்பு
அந்தப் பிள்ளை வைத்திருப்பது ஐபோனா அன்ட்ரொயிட்டா, நிரம்பியது தொலைபேசியா கிளவுட்டா, எந்த நாட்டில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. தங்கச்சி, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம்
மன்னிக்கவும் அண்ணன். டொரொண்டோவில் இருக்கிறேன். அன்ட்ரொயிட் தொலைபேசி. தொலைபேசியில் இடம் இருக்கிறது. நிரம்பியது கூகுள் கணக்கின் 15 ஜிபி. நான் அழித்த படங்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் ஏற்றியவை.

வாவிக்கரை, மட்டக்களப்பு
அப்படியானால் இனி ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். 2021 ஜூன் 1க்கு முன்னர் ‘உயர்தரம்’ என்ற அமைப்பில் கூகுள் போட்டோஸில் ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபிக்குள் எண்ணப்படுவதே இல்லை. விடிய விடிய அழித்தும் இடம் கூடாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அழித்தவை 60 நாட்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும், இன்றே போய் மீட்டெடுங்கள்.

இடத்தைத் தின்பது வேறெங்கோ இருக்கிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் ஒரே 15 ஜிபியைத்தான் பங்கு போடுகின்றன. அன்ட்ரொயிட்டில் வட்ஸ்அப் காப்புப்பிரதியும் இப்போது அதற்குள்தான் சேர்கிறது. வட்ஸ்அப் அமைப்புகளில் காப்புப்பிரதிக்குள் போய், காணொளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, புதிதாக ஒரு காப்பு எடுங்கள். பழையதன் இடத்தில் அது உட்காரும். ஜிமெயிலில் பெரிய இணைப்புகளை அழித்தால் அங்குள்ள குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 30 நாட்களுக்கு அவையும் கணக்கில் நிற்கும். கணக்கு நிரம்பியிருந்த நேரத்தில் வந்த கடிதங்கள் எங்கும் காத்திருக்கமாட்டா, அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கும். ஆகவே அந்தக் கடிதத்தை மீண்டும் அனுப்பும்படி அலுவலகத்துக்கு இன்றே எழுதுங்கள்.

இனி விலை. இப்போதைக்குக் கூகுளின் 100 ஜிபி போதும். மாதக் கட்டணத்தில் ஒரு வருடத்துக்கு 23.88 டொலர், வருடமாகக் கட்டினால் 19.99, ஆனால் முதலில் மாதமாகவே எடுத்துப் பாருங்கள். ஐபோனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அப்பிளில் 50 ஜிபி 0.99, 200 ஜிபி 2.99 டொலர். இவை அமெரிக்க விலைகள், உங்கள் கணக்கு கனடா விலையைக் காட்டும். இலண்டன் தம்பி பயமுறுத்துவது போல நிறுத்தியதும் ஒருவரும் அழிப்பதில்லை. கூகுளில் அளவுக்கு மேலே இருந்தால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, அஞ்சல் வராது, அப்படியே இரண்டு வருடங்கள் விட்டால்தான் அழிக்கக்கூடும். ஹாட் டிஸ்க்கும் வாங்கலாம், ஆனால் இரண்டாவது பிரதிக்காக.

அம்மாவைக் குடும்பத் திட்டத்தில் சேர்க்க முடியாது, ஏனெனில் கூகுள் குடும்பக் குழுவில் எல்லோரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். அது தேவையும் இல்லை. போட்டோஸில் ஓர் அல்பத்தைத் திறந்து அவவுடன் பகிருங்கள், அது உங்கள் கணக்கிலிருந்து மட்டும்தான் கழியும். ட்ரொப்பொக்ஸில் அப்படி இல்லை, பகிரும் கோப்புறை இருபக்கத்துக் கணக்கிலும் எண்ணப்படும் என்பதால் அம்மாவின் 2 ஜிபி ஒரே கிழமையில் முடிந்துவிடும். கூகுளின் உறுதிப்படுத்தும் இலக்கம் இன்னும் ஊர் சிம்முக்குப் போகிறதென்றால், கனடா இலக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.

கல்லடிப் பாலம்
அண்ணன், அம்மம்மாவின் படங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. வட்ஸ்அப் காப்பில் மட்டும் 9 ஜிபி இருந்திருக்கிறது, பாதிக்கு மேல் சின்னம்மாவின் ஐயப்பன் பாட்டுக் காணொளிகள். அலுவலகத்துக்கு எழுதினேன், பின்னேரமே கடிதம் வந்தது. 100 ஜிபியை மாதக் கட்டணத்தில் எடுத்துவிட்டு அல்பத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். “என்ன மனே, அம்மம்மா சரிந்து படுத்துக் கிடக்கிறா” என்று உடனே பதில் வந்தது. படம் பக்கவாட்டில் ஏறியிருந்தது. திருப்பிவிட்டேன்.