ட்ரிப்ஸில் கெட்டமின்: போட்டுக்கொண்டவர்கள், கூட இருந்தவர்கள் எழுதுங்கள்

கொங்கு அக்கா:
தம்பிக்கு டிப்ரெஷன் வந்து வருஷக்கணக்காகிறது. எஸ்சிட்டாலோபிராம், வென்லாஃபாக்சின், அதோடு லித்தியம் என்று டாக்டர் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். ஒழுங்காகத்தான் சாப்பிட்டான். இரண்டு மருந்தை முழு டோஸில், போதுமான வாரங்கள் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் அதை 'மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு' என்பார்களாம். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் சோம்பேறி. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆள் பாக்கியில்லை.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஈசிடி, அதாவது மூளைக்கு லேசாக மின்சாரம் செலுத்தும் சிகிச்சை. இன்னொன்று கெட்டமின், ஆபரேஷனுக்குப் போடும் மயக்க மருந்துதான், குறைந்த டோஸில். 'ஷாக்' என்ற சொல்லைக் கேட்டதுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார், அதனால் கெட்டமின் என்று முடிவானது.

வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள். பி.பி., ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட்டு, எடைக்கு ஏற்ப டோஸ்: கிலோவுக்கு அரை மில்லிகிராம். அவன் 60 கிலோ, எனவே 30 மில்லிகிராம். அதை 40 நிமிடத்தில் சிரிஞ்ச் பம்ப் வழியாக மெதுவாக ஏற்றினார்கள். மயக்க டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். ஆபரேஷனுக்கு என்றால் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒரேயடியாகப் போடுவார்களாம். இதில் முழு மயக்கம் வராது. ஆனால் சும்மா படுத்திருப்பதும் இல்லை. பாதியில் "அக்கா, என் கை எங்க?" என்று கேட்டான். கை அவன் நெஞ்சின் மேல்தான் இருந்தது. பி.பி. கொஞ்சம் ஏறியது, முடிந்தபின் குமட்டியது. இப்படியெல்லாம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டான்.

மறுநாள் மதியம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சத்தம் போட்டான். மாதக்கணக்கில் எதைப் போட்டாலும் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துபோனவன். திட்டு வாங்கிய அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோஷமா இருக்கியாடா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லக்கா. செத்துடலாம்னு காலையில தோணல, அவ்வளவுதான்" என்றான். எனக்கு அது போதும்.

ஆனால் ஒரு வாரம் போவதற்குள் பழையபடி போர்வைக்குள் போய்விட்டான். முதல் ஊசியோடு முடிவு எழுதாதீர்கள், நல்லதாகவும் சரி, கெட்டதாகவும் சரி. வாரத்துக்கு இரண்டு என்று சில வாரம் தொடர்ந்து போட்ட பிறகுதான் தேறல் கொஞ்சம் தங்கியது. இப்போது இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். மாத்திரையும் கவுன்சலிங்கும் நிற்கவில்லை. இதற்கு நடுவே, சைக்கியாட்ரிஸ்ட் பார்க்காமலேயே "பேக்கேஜ்" பேசிய ஓர் இடத்துக்கும் போயிருந்தோம். தொடர் முடிந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு மறுபடி பேக்கேஜ் விலையைத்தான் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

நைட் டியூட்டி:
அக்கா, நான் தீக்காய வார்டு நர்ஸ். எங்களுக்குக் கெட்டமின் ரொம்பப் பழைய சிநேகிதம். டிரெஸ்ஸிங் மாத்தும்போது இதைத்தான் போடுவாங்க. பி.பி. விழாது, மூச்சும் பெரும்பாலும் நிக்காது. உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்குறது சும்மாவா? ஆனா தெளியறப்போ சிலபேர் கத்துவாங்க, சாமி வந்துச்சும்பாங்க. அதனால மனநல வார்டுல இருந்து இதைக் கேட்டு ஆள் வந்தப்போ நாங்க சிரிச்சோம். அப்புறம் டாக்டர்தான் விளக்கினார்: வழக்கமான மாத்திரை செரட்டோனின்ங்கற மூளை ரசாயனம் வழியா வேலை செய்யும், இது குளூட்டமேட்ங்கற வேற ரசாயனத்தோட பக்கம், அது போய் ஒட்டுற என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும். அதனாலதான் வாரக்கணக்குல காத்திருக்காம மணிக்கணக்குல பலன் தெரியுதாம்.

2011ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துட்டாங்க. பீரோவுக்குப் பூட்டு, ரிஜிஸ்டர், காலி ஆம்பியூல் கணக்குன்னு ஏகப்பட்ட வேலை. போதைக்காக நிறைய எடுக்கறவங்களுக்கு மூத்திரப்பை கெட்டுப்போகும். சிகிச்சை டோஸ் சின்னதுதான், ஆனாலும் நீண்ட நாள் போட்டா ஒன்னுக்குப் போறப்போ எரிச்சல் இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருங்க.

எடிசன் வாசி:
நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பலிக்கவில்லை. அதையும் யாராவது எழுத வேண்டும்.

இங்கே மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1970இல் கெட்டமினுக்கு ஒப்புதல் தந்தது மயக்க மருந்தாக மட்டும். மனச்சோர்வுக்கு ட்ரிப்ஸில் ஏற்றுவதை இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்பதில்லை, ஒரு தடவைக்கே பல நூறு டாலர். கெட்டமினின் ஒரு வடிவமான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரே மனச்சோர்வுக்கென்றே 2019 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது. அதற்கு, கடிதப் போருக்குப் பிறகு பணம் தந்தார்கள். கிளினிக்கிலேயே இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், மறுநாள் வரை கார் ஓட்டக்கூடாது. ஒவ்வொரு முறையும் கணவர் லீவு போட்டார். எனக்கு மிதப்பு வந்தது, போனது. மனம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் கேட்டது ஈசிடிதான். 2023இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. சித்தப்பிரமை இல்லாதவர்களில் கெட்டமினுக்கு 55 சதவீதம் பேரும் ஈசிடிக்கு 41 சதவீதம் பேரும் தேறினார்கள். அந்தக் கணக்குக்கு நான் நேர் எதிர். சிகிச்சை நடந்த வாரங்களில் சில நாள்கள் எனக்கு நினைவே இல்லை, அது உண்மை. ஆனால் அக்கா, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்: சினிமாவில் கட்டிப்போட்டுச் செய்வது போல இல்லை. மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஈசிடி கொடுப்பதை இந்தியாவிலேயே 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. நாளை தேவைப்பட்டால் அந்தக் கதவை இப்போதே சாத்தாதீர்கள்.

புதுசு:
'ஃப்ரெண்ட்ஸ்' சீரியல் நடிகர் மேத்யூ பெர்ரி கெட்டமினால்தானே இறந்தார்? அப்பாவுக்கு இதைப் போடச் சொல்லியிருக்கிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் பயம். அப்பாவுக்கு பி.பி. வேறு உண்டு.

நைட் டியூட்டி:
அவர் ரத்தத்துல இருந்தது முழு மயக்கத்துக்குக் குடுக்கற அளவு, அதுவும் வெந்நீர்த் தொட்டியில தனியா இருந்திருக்கார். கிளினிக்ல கடைசியாப் போட்டது ஒன்றரை வாரம் முந்தி, அது காரணமில்லன்னு பிரேதப் பரிசோதனை அறிக்கையே சொல்லுது. ஆனா அப்பா பி.பி. கட்டுக்குள்ள இல்லன்னா முதல்ல அதைச் சரிபண்ணித்தான் ஆரம்பிப்பாங்க. இதயக் கோளாறு, முன்னாடி எப்பவாவது பிரமை, போதைப் பழக்கம் எது இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க. நடுராத்திரி அவர் நிலைமை மோசமானா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழ்லயே பேசலாம்.