சீரியலில் வந்த வீடு: கேட் முன்னால் தினமும் கூட்டம், என்ன செய்யலாம்?

தீவுக்காரன்

தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் பஞ்சாயத்து ரோட்டில் வீடு. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, நீலக் கதவு. ஒரு டிவி சீரியலில் கதாநாயகியின் வீடாக வாசலை மட்டும் எடுத்தார்கள். உள்ளே நடக்கிற காட்சியெல்லாம் சென்னையில் செட். சீரியல் இன்னும் ஓடுகிறது.

இப்போது ராமேஸ்வரம் வருகிற வேன்கள் பாம்பன் பாலம், கலாம் நினைவிடம் என்ற வரிசையில் இந்த வீட்டையும் சேர்த்துவிட்டன. அமாவாசை, சனி ஞாயிறு என்றால் சொல்லவே வேண்டாம். திண்ணையில் ஏறி உட்கார்ந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். கருவாடு காயப்போடுகிற அம்மாவையும் சேர்த்து எடுக்கிறார்கள். கூகுள் மேப்பில் யாரோ சீரியல் பெயரிலேயே வீட்டைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

சண்டை போட விருப்பமில்லை, வருகிறவர்கள் கெட்டவர்களும் இல்லை. ஆனால் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வர முடியவில்லை. வேலி எப்படிப் போடுவது, சட்டத்தில் என்ன இருக்கிறது, மேப்பிலிருந்து எப்படி எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று

வேலிக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு தம்பி. புல வரைபடம் எடுத்து, சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் போடுங்க. கடலுக்கு இறங்குற ரோடுன்னு சொல்றீங்க. அந்தப் பக்கம் பல இடத்தில் ரோட்டுப் புறம்போக்கு திண்ணையிலிருந்து ரெண்டு அடியில் ஆரம்பிக்கும். புறம்போக்கில் வேலி போட்டா, நாளைக்குப் புகார் உங்க மேலதான் வரும். வலை இழுக்கிறவங்க நடக்கிற பாதை இருந்தா அதை அடைக்கிற நினைப்பே வேண்டாம், ஊரே எதிரியாயிடும்.

இரும்பு வேலி வேண்டாம். பெயின்ட் அடிச்ச இரும்பு இந்தக் காத்தில் வெல்டிங் வெச்ச இடத்திலிருந்து பொரிய ஆரம்பிக்கும். சிமென்ட் போஸ்ட்டும் அப்படித்தான்: உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிச்சு உப்பி, போஸ்ட்டையே பிளந்துடும். கருங்கல் கால்தான் சரி, அதுக்குள்ள கம்பியே கிடையாது. 8 அடி உயரக் கல், அதில் 2 அடி மண்ணுக்குள், 6 அடி வெளியில். இடைவெளி 7 அல்லது 8 அடி. மணல் தரையா இருந்தா குழியை ஒன்றரை அடி சதுரமா எடுத்து, 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி) போட்டு நிறுத்துங்க. சும்மா மண்ணைப் போட்டு மிதிச்சா முதல் காத்துக்கே சாயும்.

மறைப்புக்கு பனைமட்டை. பச்சை வலை (அந்த 90 சதவீத நிழல் வலை) கட்டிடாதீங்க. ஆடிக் காத்தில் பாய் மாதிரி புடைச்சு, கண்ணி போட்ட ஓரத்திலேயே கிழியும். கிழியலேன்னா கல்லைச் சாய்க்கும். மட்டை வேலியில் காத்து ஊடுருவிப் போகும், ஆள் கண்ணுக்கு உள்ளே தெரியாது. மட்டையைச் செங்குத்தா நெருக்கி வெச்சு, மேலே நடுவில் கீழே மூணு வரிசை குறுக்குக் கம்பு கொடுத்து, வலை தைக்கிற கறுப்பு நூலில் கட்டுங்க. சாதாரணக் கட்டுக்கம்பி துருப்பிடிச்சு அறுந்துடும். அடியில் மண்ணைத் தொடாம நாலு விரக்கடை தூக்கியே நிக்கணும், இல்லேன்னா கறையான் ஏறிடும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா மட்டை மாத்தணும், அந்தச் செலவு உண்டு. வேலி ஓரத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்காம பார்த்துக்கணும்.

வெளிப்பக்கம் காகிதப்பூ நட்டா உப்பைத் தாங்கும், முள்ளும் இருக்கும்.

காம்பவுண்டு சுவரே கட்டலாம்னு நினைச்சா, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருதான்னு பாருங்க. உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏத்தத்தில் தண்ணி எட்டுற கோடு) 200 மீட்டருக்குள்ள இருந்தா புதுக் கட்டுமானத்துக்குக் கேள்வி வரும். மட்டை வேலிக்கு அந்தத் தலைவலி இல்லை.

முழு வீட்டையும் மறைக்கப் பார்க்காதீங்க. திண்ணை, கிணத்தடி, துணிக்கொடி, கருவாடு காயுற இடம், இந்த நாலும் மறைஞ்சாப் போதும். கூரையும் தென்னையும் ரோட்டிலிருந்து தெரியட்டும், வந்தவன் அதை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். ஒண்ணுமே தெரியலேன்னாதான் மதில் ஏறிப் பார்ப்பான்.

கச்சேரி வாசல்

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

பொது ரோட்டில் நின்று வீட்டின் வெளித்தோற்றத்தைப் படம் எடுப்பதைத் தடுக்க முடியாது. பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 52ஆம் பிரிவே கட்டடங்களைப் படம் பிடிப்பதை விதிவிலக்காக வைத்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் சொன்னது உண்மைதான். அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கிறவரோடு வாதாடினால் நேரம்தான் வீணாகும். உங்கள் பிடி இருப்பது கேட்டுக்கு உள்ளே.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அத்துமீறி நுழைதல் 329ஆம் பிரிவு. நிலத்தில் அத்துமீறினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் என்றால் சிறை ஒரு வருடம் வரை போகும். ஆனால் வெறுமனே உள்ளே வந்தது போதாது. குற்றம் செய்ய, மிரட்ட, அவமதிக்க அல்லது தொல்லை தர நினைத்து வந்திருக்க வேண்டும், அல்லது முறையாக வந்துவிட்டு அந்த நோக்கத்தோடு போக மறுத்திருக்க வேண்டும். பெரும்பாலான புகார்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போவது இங்கேதான். "கேட் திறந்திருந்தது, கும்பிட்டுவிட்டு வந்தோம்" என்பார்கள், எஸ்.ஐ. சமாதானம் பேசி அனுப்பிவிடுவார்.

ஆகவே கேட் சாத்தியே இருக்கட்டும், கொக்கியும் போட்டிருக்கட்டும். அனுமதி இல்லை என்று பலகை இருக்கட்டும். மீறி வந்தவரிடம் ஒருமுறை தெளிவாக "வெளியே போங்கள்" என்று சொல்லுங்கள், அது கேமராவில் பதியட்டும். பலகை, சாத்திய கேட், வாய்ச்சொல் மூன்றும் பதிவாகியிருந்தால் புகாருக்கு உடம்பு வந்துவிடும். மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

ரோட்டை அடைத்து வண்டி நிறுத்துவது தனி விஷயம். அதே சட்டத்தின் 285ஆம் பிரிவு பொது வழியை மறிப்பதற்கு 5,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. பெரிய வேன் அந்த ரோட்டுக்குள்ளேயே வராமல் தடுக்க, கிராம சபையில் தீர்மானம் போட வைத்து, அதன் நகலோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவில் குறிப்பிட்ட ரோட்டில் வாகனங்களைக் கட்டுப்படுத்த அதிகாரம் இருக்கிறது. தனி ஆளின் மனுவைவிடத் தெருவே கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எடை அதிகம்.

பயணி2

இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால் ஆளுக்கு 20 ரூபாய் டிக்கெட் போடலாமே? செட்டிநாட்டு வீடுகளில் வாங்குகிறார்கள். ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டையே மக்கள் போய்ப் பார்க்கிறார்களே!

கச்சேரி வாசல்

கலாம் வீட்டில் அவருடைய பொருள்களை வைத்து அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்றே திறந்துவிட்ட இடம் அது. இவர் வீட்டில் பார்க்க ஒரு கதவுதான் உண்டு.

காசு வாங்கிய நாளிலிருந்து வருகிறவர் விருந்தாளி ஆகிவிடுகிறார், 329 பற்றிப் பேச வாய் இருக்காது. திண்ணை இடிந்து யாராவது காலை முறித்துக்கொண்டால் நஷ்டஈட்டுப் பேச்சும் உங்கள் தலையில் வரும். வீட்டு மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும் ஆபத்தும் உண்டு. முழுநேரமாக ஒரு ஆள் போட்டு நடத்துவதென்றால் சரி. பாதிக் கதவு திறந்த கடை வேண்டாம்.

ரிமோட்

வெளிநாட்டில் இதே தலைவலி பட்ட வீடுகளைப் பார்த்தால் எது பலிக்கும், எது பலிக்காது என்று தெரியும்.

நியூயார்க்கில் 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடரில் வந்த வீட்டின் வாசல்படிக்குக் குறுக்கே சங்கிலியும் ஏறாதே என்ற பலகையும் இருந்தன. சங்கிலியைத் தாண்டிப் போய்ப் படியில் உட்கார்ந்தார்கள். கடைசியில் பழைமைக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் நகர அமைப்பிடம் கேட்டு, 2025இல் கேட் போட அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. தாண்டக்கூடிய தடை தடையே இல்லை.

அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் 'பிரேக்கிங் பேட்' தொடரில் வந்த வீடு. கதாநாயகன் கோபத்தில் பீட்சாவைக் கூரைமேல் எறிகிற காட்சி ஒன்று வரும். ரசிகர்கள் நிஜமாகவே பீட்சா வாங்கிவந்து அந்தக் கூரையில் எறிந்தார்கள். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே 2015இல் நிறுத்தச் சொல்லிக் கேட்டார். 2017இல் வீட்டுக்காரர்கள் இரும்பு வேலி போட்டார்கள். எறிவதற்குத் தடை வந்தது, பார்க்க வருவது நிற்கவில்லை. உங்கள் சீரியலில் கதாநாயகி திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிற மாதிரி ஏதாவது இருந்தால், வருகிறவர்கள் அந்தத் தூணைத்தான் தேடுவார்கள். அதை முதலில் மறையுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் வந்த வீட்டின் கதை உங்களுடையதுக்கு ரொம்பக் கிட்ட. அங்கேயும் எடுத்தது வெளிப்புறம் மட்டும்தான். தொந்தரவு தனித்தனியாக வந்த ரசிகர்களைவிடச் சுற்றுலா வண்டிகளால் வந்தது; 2018இல் அந்தத் தெருவில் பெரிய சுற்றுலா வண்டிகளுக்குத் தடை போட்டார்கள்.

உங்கள் ஊரிலும் அதேதான். வேனில் இருக்கிற பதினைந்து பேரில் சீரியல் பார்க்கிறவர் நாலு பேர் இருப்பார்கள். வண்டியைத் திருப்புகிறவர் டிரைவர். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆட்டோ, வேன் ஸ்டாண்டுகளில் போய் சங்கத்துக்காரர்களிடம் நேரில் பேசுங்கள். "வராதீர்கள்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. "மெயின் ரோட்டில் இந்த இடத்தில் நிறுத்துங்கள், இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும், ரோட்டுக்குள் வண்டி வேண்டாம்" என்று ஒரு இடத்தைக் காட்டுங்கள். அங்கிருந்து கூரை தெரிந்தால் போதும்.

பலகையில் சீரியல் பெயரை எழுதிவிடாதீர்கள். எழுதினால் அந்தப் பலகையோடு செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம் வரும். "குடும்பம் குடியிருக்கும் வீடு. உள்ளே அனுமதி இல்லை. கேட்டைத் தட்ட வேண்டாம். கேமரா உள்ளது." இவ்வளவு போதும். தகரத்தில் எழுதாமல் ஏ.சி.பி. ஷீட்டில் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு) ஒட்டுங்கள், உப்பில் தாங்கும்.

நீலக் கதவுக்கு வேறு வண்ணம் அடிப்பது எல்லாவற்றையும்விட மலிவான வழி. டிவியில் பார்த்த சட்டகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆனால் சீரியல் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். முன்பக்கத்தை மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிரஷ்ஷை எடுங்கள்.

மேப்_திருத்தி

மேப் விஷயம். அந்தக் குறியைத் தொட்டு, திருத்தம் பரிந்துரைக்கும் இடத்துக்குப் போய், மூடு அல்லது நீக்கு என்பதில் "பொதுமக்களுக்குத் திறந்ததல்ல" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "இப்படி ஓர் இடமே இல்லை" என்று போடாதீர்கள். நூறு படம் ஏற்றியிருக்கிற இடத்தை இல்லை என்றால் நிராகரித்துவிடும். பூட்டிய கேட், பலகை தெரிகிற மாதிரி ஒரு படம் சேர்த்து அனுப்பினால் நல்லது. வீட்டில் நாலு பேர் அவரவர் கணக்கிலிருந்து அனுப்பலாம், ஒரே நாளில் அனுப்ப வேண்டாம். நீக்கிய பிறகும் யாராவது திரும்பக் குறிப்பார்கள், மாதம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஸ்ட்ரீட் வியூவில் (மேப்பில் ரோட்டிலிருந்து எடுத்த படங்கள்) வீடு தெரிந்தால் மங்கலாக்கச் சொல்லலாம். ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பத் தெளிவாக்க முடியாது, நாளை வீட்டை வாடகைக்கு விடுகிற எண்ணம் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

யூடியூபில் அந்தரங்கப் புகார் கொடுத்தால், வீடியோ போட்டவருக்கு வழக்கமாக 48 மணி நேரம் அவகாசம் தருவார்கள். "எங்கள் வீட்டைக் காட்டுகிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் தள்ளுபடி. அம்மாவின் முகம் எந்த நிமிடம், எந்த நொடியில் தெளிவாகத் தெரிகிறது, கதவு எண் எங்கே வருகிறது என்று குறித்து எழுதுங்கள்.

டிரோன் வந்தால் விடாதீர்கள். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிற பகுதி இது. எங்கே பறக்கலாம் என்பது டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் இருக்கும். பறக்கவிட்டவர் அதைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் கல்லெறிந்து விழுத்த வேண்டாம், நேரமும் வண்டி எண்ணும் குறித்து 100க்குச் சொல்லுங்கள்.

கேமரா: 2 மெகாபிக்சல், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), பதிவு வேகம் 2 எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு கேமராவுக்கு நாளுக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. நாலு கேமரா நாள் முழுக்கப் பதிந்தால் 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள்தான் வரும். கேட்டுக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று, இரண்டே போதும். எதிர்வீட்டு வாசல் படத்தில் விழாமல் திருப்புங்கள், நீங்கள் புகார் சொல்கிற அதே வேலையை அவர்களுக்குச் செய்யக்கூடாது. கடற்கரையில் கேமராவுக்கு முன்னால் சாவது ஒயர் முனைதான்: பிளக்கை மூடிய பெட்டிக்குள் வைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒயர் நுழைகிற ஓட்டையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள்.

தீவுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். சீரியல் முடியும்வரை முன்பக்கத் தோற்றத்தை மாற்றக்கூடாது என்று இருக்கிறது. மறுபடி எடுக்க வருவதாகவும் சொல்கிறார்கள். அப்போது என்ன கேட்கலாம்?

ரிமோட்

தோற்றம் மாறக்கூடாது என்றால் கதவைத் தொடாதீர்கள். வேலிக்கும் கேட்டுக்கும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஷூட்டிங் அன்று கழற்றி மாட்டுகிற மாதிரி முன்பக்க மட்டைத் தட்டியை மட்டும் 6 அடித் துண்டுகளாகச் செய்துகொண்டால் அவர்களும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்த முறைக்கு வாடகையைவிட நிபந்தனை முக்கியம். கதவு எண், தெருப் பலகை, ஊர்ப் பெயர் பிரேமில் வரக்கூடாது. நடிகர்களும் யூனிட்டும் இடத்தைக் குறித்துப் பதிவு போடக்கூடாது. பாதி இடங்கள் வெளியே தெரிவதே மேக்கப் போடுகிற நேரத்தில் எடுக்கிற ரீல்ஸால்தான். ஒளிபரப்பு முடிந்து ஆறு மாதம்வரை வார இறுதிக் காவலாள் சம்பளம் அவர்கள் பொறுப்பு. எபிசோடு முடிவில் "இது தனியார் குடியிருப்பு, நேரில் செல்ல வேண்டாம்" என்று ஒரு வரி ஓட வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் போனில் சரி என்று சொன்னால் போதாது, முத்திரைத்தாளில் கம்பெனி சீலோடு வர வேண்டும்.

உப்புக்காற்று

கல்கால் வாங்கும்போது ரெண்டு கூடுதலா வாங்கி வெச்சுக்கங்க தம்பி. வேன் ரிவர்ஸ் எடுக்கிறப்போ முதல்ல இடிக்கிறது மூலைக் கல்லைத்தான்.